கோவணம் கட்டிய வெள்ளைக்காரன்: ஹெல்ஃபயர் பாஸ் ஆடியோ கைடும் ஒரு பகல் பயணமும்

முதலில் வேன்காரர் கதையை முடித்துவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் நாங்கள் தங்கிய இடத்தில் பிடித்துக் கொடுத்த வண்டி, நாள் முழுக்க 2,500 பாட். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் எட்டேகாலுக்கு வந்தார். கூடவே ஒரு வழிகாட்டி. அவர் க்வாய் ஆற்றுப் பாலத்தைக் காட்டிச் சொன்னதெல்லாம் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' சினிமாவில் வந்த கதை. அந்தச் சினிமாவால்தான் கீழே ஓடும் ஆற்றுக்கே பேர் மாறியது, முன்பு அது மேக்லாங் ஆறு, 1960களில்தான் க்வாய் யாய் ஆனது என்று என் தம்பி மகன் போனில் படித்துக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, ஏனென்றால் நாங்கள் கேட்கப் போனது வேறு குரல்களை.

நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 63 வயது, இரண்டு முட்டியும் வலி. மலேசியாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் அப்பாவின் அப்பா 1943இல் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போடப் போனவர். மலேசியாவில் எங்கள் வயதுக்காரர்களிடம் 'சயாமுக்குப் போனவங்க' என்று சொன்னால் போதும், எந்த ரயில், எந்தக் காடு என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தாய்லாந்தில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவில் தன்புசாயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவில் இருந்த தன் படைக்குச் சாமான் அனுப்ப ஜப்பான் ராணுவம் போட்ட பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தன. வேலை செய்தவர்களில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் போர்க்கைதிகள். பிரிட்டிஷ்காரர்கள், டச்சுக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், கொஞ்சம் அமெரிக்கர்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் ஆட்களைப் போல ஆசியாவிலிருந்து கொண்டுவந்த கூலிகள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேல், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள்.

தாத்தா கைதி இல்லை, கூலி. மூன்று மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம் என்று சொல்லித் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பேர் எழுதிக்கொண்டாராம். தாத்தாவும் அவர் அண்ணனும் போனார்கள். தாத்தா மட்டும் வந்தார். வந்தவர் சயாமைப் பற்றி மூன்றே விஷயம்தான் சொல்வார். சாமான் வண்டியில் நின்றுகொண்டே போனது. மழையில் மூங்கில் வெட்டியது. மூன்றாவது, கோவணம் கட்டிய ஒரு வெள்ளைக்காரன் அவர் கால் புண்ணைக் கரண்டியால் சுரண்டியது. மூன்றாவதைச் சொல்லும்போது நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். எங்களுக்குத் தெரிந்த வெள்ளைக்காரன் துரை. வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, தலையில் தொப்பி. துரை கோவணம் கட்டுவாரா? தாத்தாவும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் 1989இல் இறந்தார்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன்.

ஹெல்ஃபயர் பாஸ் என்பது அந்த ரயில்பாதைக்காகப் பாறையை வெட்டிய கணவாய். காஞ்சனாபுரி டவுனிலிருந்து 323ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர். வழியில் ராணுவ நிலத்துக்குள் நுழைய வேண்டும். சிப்பாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கையசைத்து விட்டுவிடுவார். விளக்க மையத்தை நடத்துவது ஆஸ்திரேலிய அரசாங்கம். 1998இல் திறந்தது, பிறகு புதுப்பித்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்பினால் உண்டியலில் போடலாம், நான் போட்டேன். உள்ளே சின்ன இடம்தான், அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். குளுகுளு வசதி உண்டு, கழிவறை படுசுத்தம்.

அங்கேதான் தம்பி மகன் என்னைக் கூப்பிட்டான். "அத்தை, இங்க வாங்க. தாத்தா சொன்ன ஆளு."

படத்தில் எலும்பும் தோலுமாக வெள்ளைக்காரர்கள். இடுப்பில் ஒரு முழத் துணி மட்டும். மழையிலும் வேர்வையிலும் சட்டையும் கால்சட்டையும் அழுகிப் போனபின் அவர்களுக்கு மிஞ்சிய உடை அதுதான். 'ஜாப் ஹாப்பி' என்று அவர்களே கிண்டலாகப் பேர் வைத்திருந்தார்கள். நாட்டுப்புறத்துக் கோவணம் மாதிரியேதான், முன்னால் ஒரு மடிப்புத் தொங்கும். கரண்டியும் உண்மை. மூங்கில் கீறினால்கூடப் போதும், காயம் பழுத்து எலும்பு தெரிகிற அளவுக்கு அழுகிவிடும். மருந்து இல்லாததால் கரண்டி விளிம்பைக் கூர்தீட்டி, செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள் கைதிகளோடு இருந்த டாக்டர்களும் உதவியாளர்களும். சுரண்டியும் தீராவிட்டால் கால் போகும். 1943இல் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கைதிகளில் மருத்துவ ஆட்களைப் பிரித்து, கே படை, எல் படை என்ற இரண்டு குழுவாகக் கூலிகளின் முகாம்களுக்கே அனுப்பினார்கள். தாத்தாவின் வெள்ளைக்காரன் அதில் ஒருவனாக இருக்கலாம். இல்லாமல் பக்கத்து முகாமிலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம். எப்படியோ தாத்தா பொய் சொல்லவில்லை. நாற்பது வருஷம் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

சரி, ஆடியோ கைடு. இந்தப் பயணத்தில் உங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கிற உயர்ந்த பொருள் அதுதான். கழுத்தில் கருவியைத் தொங்கவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியது. வழியில் அங்கங்கே எண் போட்டிருக்கும். அந்த எண்ணை அழுத்தினால் பேச்சு. எண்ணை அழுத்துவதற்கு என்னைப் போன்ற கண்ணாடிக்காரர்களுக்கும் சிரமம் இல்லை. ஒலி தெளிவு. பேசுவது ஆங்கிலம், ஆஸ்திரேலிய உச்சரிப்பு முதலில் கொஞ்சம் காதை நெருடும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

விவரிப்பாளர் தேதியும் எண்ணிக்கையும் சொல்கிறார். நன்றாகத்தான் சொல்கிறார், ஆனால் அதை எங்கேயும் படித்துவிடலாம். நடுநடுவே முன்னாள் கைதிகளே பேசுகிறார்கள், அதற்காகத்தான் போக வேண்டும். எல்லாம் கிழவர்களின் குரல். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்குகிறது. நாக்கு வறண்ட சத்தம் கேட்கிறது. சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது வேகமாகப் பேசுகிறார்கள், கூடப் படுத்திருந்தவனைப் பற்றிப் பேசும்போது மெதுவாகிவிடுகிறார்கள். பாட்டி இறந்ததைத் தாத்தா சொன்னது இந்தச் சுருதியில்தான். இருபது வயதில் பட்டதை எண்பது வயதுக்காரர் சொல்கிறார். நடுவில் அறுபது வருஷம் இருக்கிறது. அந்த அறுபது வருஷத்தை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைத்துக் காட்ட முடியாது, குரலில்தான் கேட்கும்.

படிகள் நிறைய. இறங்கும்போது பிரச்சினை இல்லை, ஏறும்போது முட்டி மன்னிக்காது. கைப்பிடி இருக்கிறது. இறங்கியதும் பழைய பாதைத் தடம். ஜல்லி இன்னும் கிடக்கிறது. அப்புறம் கணவாய். தாய் மொழியில் ச்சோங் காவ் காட் என்கிறார்கள். பாறையை நெடுக வெட்டிப் பிளந்த சந்து. 1943 ஏப்ரல் 25ஆம் தேதி இங்கே வேலை தொடங்கியது. ஒருவன் உளியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். துளை இறங்கியதும் வெடி வைப்பார்கள், சிதறிய கல்லைக் கையால் அள்ளிக் கொட்டுவார்கள். பாறையில் முறிந்து சிக்கிய உளித்துண்டு ஒன்று இன்னமும் அப்படியே இருக்கிறது. விரல் வைத்துப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. அந்த வருஷம் மழைக்காலத்தில் ஜப்பான் பொறியாளர்களுக்குத் தலைக்கு மேல் கெடு. 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்று விரட்டி, ராத்திரியிலும் மூங்கில் தீவட்டியும் எண்ணெய் விளக்கும் வைத்து வேலை வாங்கினார்கள். மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தில் அசையும் எலும்புக்கூடுகள் நரகம் மாதிரித் தெரிந்ததால் வந்த பேர்தான் ஹெல்ஃபயர், நரக நெருப்பு. அதே மாதங்களில் காலரா வேறு.

கணவாயின் நடுவில் ஒரு மரம் வளர்ந்திருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து கேட்பது நல்லது. நான் அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

இந்த இடம் இன்று இப்படி இருப்பதற்குக் காரணமே ஒரு முன்னாள் கைதிதான். டாம் மோரிஸ் என்ற ஆஸ்திரேலியர் 1980களில் திரும்பி வந்து, காடு மூடிக் கிடந்த கணவாயைத் தேடிக் கண்டுபிடித்து, இதைக் காப்பாற்றுங்கள் என்று தன் அரசாங்கத்தை நச்சரித்தார். போரில் கைதிகள் ஆயிரக்கணக்கானோரைப் பார்த்துக்கொண்ட ஆஸ்திரேலிய டாக்டர் வியரி டன்லப் 1993இல் இறந்தபோது, அவர் சாம்பலில் ஒரு பகுதியை இங்கே கொண்டுவந்தார்கள். எந்த இடத்திலிருந்து தப்பிப் போனால் போதும் என்று நினைத்தார்களோ அங்கேயே திரும்பி வந்திருக்கிறார்கள். தாத்தாவைக் கேட்டிருந்தால், "சயாம் பக்கம் தல வச்சுகூடப் படுக்க மாட்டேன்" என்றிருப்பார். கேட்கத்தான் இல்லை.

கணவாயைத் தாண்டி, பழைய பாதைத் தடத்தில் ஹின்டோக் என்ற இடத்தின் பக்கம் போகும் நீண்ட நடை இருக்கிறது. என்னால் முடியவில்லை. தம்பி மகன் கொஞ்ச தூரம் போய் வந்து, நல்லா இருக்கு, ஆனா தண்ணி எடுத்துட்டுப் போகணும் என்றான். அவ்வளவுதான் அவன் விமர்சனம்.

திரும்பி வர, வேனை அனுப்பிவிட்டு 'நாம் டோக்' என்ற ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். வெளிநாட்டுக்காரருக்கு 100 பாட். போர் முடிந்தபின் பர்மாப் பக்கத் தண்டவாளத்தையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். தாய்லாந்து ரயில்வே சரிசெய்து 1958இல் நாம் டோக் வரை திறந்த துண்டுதான் இன்று ஓடுகிறது. மரப்பெஞ்சு, மின்விசிறி, திறந்த ஜன்னல். தாம் க்ராசேயில் பாறையை ஒட்டி மரக்கால்களின் மேல் போகும் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், அப்போது எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து செல்ஃபி எடுப்பார்கள். எடுக்கட்டும், அழகான இடம்தான். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

அந்த ரயிலில்தான் பேச்சு வந்தது. தம்பி மகனுக்கு ஈப்போவில் ஒரு மருத்துவமனை லேப்பில் வேலை. பாறையில் கேட்ட குரல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "இவங்க எல்லாம் வீட்டுக்குப் போனப்புறமும் உள்ளுக்குள்ள ஒரு புழு இருந்துச்சு அத்தை, தெரியுமா?" என்றான்.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று பேர். மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக ஏறும். மற்ற குடற்புழுக்கள் சில வருஷத்தில் செத்துவிடும். இது மட்டும் உடம்புக்குள்ளேயே குஞ்சு பொரித்து, வெளியே போகாமல் திரும்பத் திரும்பத் தொற்றிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில், தூரகிழக்கில் ஜப்பானிடம் பிடிபட்டிருந்த முன்னாள் கைதிகளைப் பல வருஷம் கழித்து லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கூடத்தில் சோதித்தபோது, முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ரயில்பாதையில் ஏறிய புழு இன்னும் உயிரோடு இருந்தது பலருக்கு. சும்மா இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. வேறு ஏதாவது நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பெங்கும் பெருகி ஆளையே கொன்றுவிடும். அதனால் வயசான கைதிகள் வந்தால் முதலில் இதைப் பார் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவைத்தார்கள்.

"எப்படிடா கண்டுபுடிப்பாங்க?" என்றேன்.

"மலத்துல பாக்கலாம், ரத்தத்துல பாக்கலாம். தோல்லயும் தெரியும். இடுப்பு, தொடை, முதுகுப் பக்கம் செவப்பா ஒரு கோடு. அரிக்கும். மணிக்கணக்குல நகந்துட்டே போவும், அப்புறம் காணாமப் போயிடும். கொஞ்ச நாள் கழிச்சு வேற எடத்துல வரும்."

நான் பேசாமல் இருந்தேன். தாத்தாவின் இடுப்பில் அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். பனியனைத் தூக்கிவிட்டு, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவாள். காலையில் ஒரு இடம், சாயங்காலம் வேறு இடம் என்பதால் 'பூரான் கடி' என்று வீட்டில் பேர். எந்தப் பூரான் நாற்பது வருஷம் கடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் என்கிற மருத்துவ உதவியாளர் ஒரு களிம்பு கொடுப்பார், அவ்வளவுதான்.

தம்பி மகன் உடனே நிதானமாகச் சொன்னான்: "நம்ம தோட்டத்துலயும் அந்தப் புழு இருந்துச்சு அத்தை. வெறுங்கால்ல பால் மரம் சீவுனவங்களுக்கு அங்கயே ஏறியிருக்கலாம். சயாம்ல இருந்துதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது." லேப்காரன் அப்படித்தான் சொல்வான். சரிதான். ஆனாலும் காஞ்சனாபுரி வரும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

கைதிகளுக்கும் ஊருக்குப் போனதும் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. ஜப்பானோடு செய்த 1951 சமாதான ஒப்பந்தத்தின் வழியாக வந்த பணத்தில் பிரிட்டிஷ் கைதி ஒருவருக்குச் சுமார் 76 பவுண்டு. 2000ஆம் ஆண்டில்தான் அவர்கள் அரசாங்கம் தன் கையிலிருந்து 10,000 பவுண்டு கொடுத்தது. ஆஸ்திரேலியா அடுத்த வருஷம் 25,000 டாலர். அதற்குள் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பிரிட்டிஷ் படையில் இருந்த எங்கள் இந்தியச் சிப்பாய்களின் கதை இன்னொரு கிளை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஃபேரர் பார்க் திடலில் அவர்களைத் தனியே கூட்டி வைத்தார்கள். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சேராத ஆயிரக்கணக்கானோரை நியூ கினி பக்கம் வேலைக்குக் கப்பலேற்றினார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம். சுமார் 7,000 கல்லறைகள். புல் கத்தரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு செடி. பராமரிப்புக்கு முழு மதிப்பெண். பேர், எண், படைப்பிரிவு, வயது: 22, 24, 31. 1945இல் போர் முடிந்த கையோடு ஒரு சின்னக் குழு பாதை நெடுகப் போய், கைதிகளே ரகசியமாக எழுதி வைத்த பட்டியல்களை வைத்துக்கொண்டு 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. கிடைக்காமல் போனது 52 மட்டும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சாகிற நிலையிலும் உட்கார்ந்து பட்டியல் எழுதியிருக்கிறார்களே என்ற மரியாதைதான் வந்தது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கைநாட்டு. தாத்தாவின் அண்ணன் எந்த முகாமில் விழுந்தார் என்று தாத்தாவுக்கே தெரியாது.

மறுநாள் காலை பசியாறிவிட்டு, வேன்காரர் துணை இல்லாமல் பாலத்துக்கு மறுபடி நடந்து போனேன். வளைந்த இரும்பு வில்கள் ஜாவாவிலிருந்து வந்த பழசு, நடுவில் சதுரமாக இருக்கிற இரண்டும் குண்டு விழுந்தபின் மாற்றியவை. இங்கேதான் 1993இல் எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திருட்டுத்தனமாக ரேடியோ வைத்திருந்ததற்காக ஜப்பான்காரர்கள் தன்னை வதைத்தபோது மொழிபெயர்ப்பாளனாக நின்ற நகாசே தகாஷியை ஐம்பது வருஷம் கழித்துச் சந்தித்தார். நகாசே அதற்குள் பரிகாரம் தேடி எத்தனையோ தடவை தாய்லாந்துக்கு வந்துவிட்டிருந்தார். இருவரும் கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். என்னால் அது முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு நினைவுத்தூண், 1944இல் ஜப்பான் ராணுவமே கட்டியது. வழிகாட்டிகள் பெரும்பாலும் காட்டுவதில்லை. இறந்தவர்களுக்காகப் பல மொழிகளில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், அதில் தமிழும் ஒன்று. எங்களிடம் வேலை வாங்கியவர்கள்தான் அந்தக் காட்டில் எங்களுக்கு முதலில் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். டவுனில் வாட் தாவோன் கோயிலில் கூலிகளின் எலும்புகளை வைத்த ஸ்தூபி இருக்கிறது, மலேசியத் தமிழர்கள் நட்ட நடுகல்லும் அங்கேதான். பூ வெளியே விற்கிறார்கள், சாமந்தி கிடைக்கும்.

இனிக் கணக்கு. ஆடியோ கைடுக்கு ஐந்துக்கு ஐந்து. மையத்துக்கு ஐந்து. ரயிலுக்கு நான்கு, புழுதி ஒன்றைக் குறைத்தது. வேனுக்கு ஒன்று, அதுவும் ஓட்டுநர் தூங்காமல் ஓட்டினார் என்பதற்காக. காலை ஒன்பதுக்கெல்லாம் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் பாறை அனல் கக்கும். நல்ல செருப்பு வேண்டாம், கட்டுகிற காலணி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு போத்தல் தண்ணீர். முட்டி வலிக்காரர்கள் கணவாயோடு திரும்பிவிடலாம். வீட்டில் சயாமுக்குப் போய் வந்த பெரியவர் யாராவது இருந்தார்கள் என்றால், அவர் சொன்ன நம்ப முடியாத கதை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். கருவியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் இருந்த பெண், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். சிலவற்றை இரண்டு தடவை கேட்டேன் என்றேன்.